ஹேமாவதி வாங்கிய கிழங்குகள்

ஹேமாவதியிடம் இறால் வாங்குகிறவர்கள் அதை முகர்ந்து பார்க்க மாட்டார்கள். அவள் ஏற்கெனவே பார்த்திருப்பாள் என்பது ஆரம்பாக்கத்தில் நாலைந்து தெருவுக்குத் தெரிந்த விஷயம். கூடையை இறக்கி, மேலே மூடியிருக்கும் ஈரச்சாக்கை விலக்கி, ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோவாள். "இன்னிக்குப் புடிச்சது" என்று அவள் சொன்னால் அது இன்று பிடித்ததுதான். "இது நேத்துது, குழம்புக்கு வேணா போடு, வறுக்காத" என்று தானே ஒரு பங்கை ஓரமாக ஒதுக்குவதும் உண்டு. அதனால்தான் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும் நேரத்துக்குச் சிலர் பாத்திரத்தோடு வாசலில் நின்றார்கள்.

அவள் வீடு சுண்ணாம்புக்குளத்தைத் தாண்டி, உப்புத்தண்ணீர் ஏரியை ஒட்டிய தொகுப்பு வீடுகளில் கடைசி. அதற்கு அப்பால் கோரைப்புல், சேறு, பிறகு ஏரி. அந்தத் தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்கள். படகும் இல்லை, பெரிய வலையும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டுக்கொண்டு, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவ வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். ஹேமாவதி சிறு பெண்ணாக இருந்தபோதே அம்மாவின் பின்னால் இப்படித் தவழக் கற்றவள். கல்யாணமான பிறகு கணவன் தருமலிங்கத்தோடு போனாள். அவன் வாயாடி. வாயில் பறியைக் கவ்விக்கொண்டே பேசப் பார்ப்பான். பேசும்போது இறால் குதித்து ஓடிவிடும். அதற்காக அவள் திட்டுவாள்.

மகள் கலைவாணியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு ஹேமாவதி ஏரிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். முட்டி வலி. தருமலிங்கம் பிடித்து வருவதோடு தெருவில் மற்றவர்கள் பிடித்ததையும் சேர்த்து வாங்கி ஆரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் விற்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. நாலு பேரிடம் பேசலாம், நாலு வீட்டுக் கதை தெரியும், மத்தியானம் திரும்பும்போது கூடை காலியாக இருக்கும்.

இரண்டாவது அலை என்று சொன்னார்களே, அந்த வருஷம் காய்ச்சல் அவர்கள் தெருவுக்கும் வந்தது. தருமலிங்கத்துக்கு உடம்பு லேசாக வலித்துவிட்டுப் போனது. ஹேமாவதி படுத்த படுக்கையாகக் கிடந்து, மெலிந்து, ஒருவழியாக எழுந்தாள். எழுந்த அன்று ரசம் வைக்கலாம் என்று காய்ந்த மிளகாயைத் தாளித்தாள். நெடி தொண்டையில் ஏறி இருமல் வந்தது. தருமலிங்கமும் வெளியே நின்று இருமினான். ஆனால் மூக்கில் ஒன்றும் தெரியவில்லை. பூண்டைத் தட்டி முகர்ந்தாள். மண்ணெண்ணெய் புட்டியைத் திறந்து முகர்ந்தாள். வெறும் காற்றை இழுப்பது போலத்தான் இருந்தது.

"வந்துடும்மே. எல்லாருக்கும் வந்துடுச்சில்ல?" என்றான் தருமலிங்கம்.

எல்லாருக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை. சோறு உப்பும் காரமும் மட்டுமாக ஆனது. ஏரிக்கரையில் நின்றால் தண்ணீர் தெரிந்தது, ஏரி தெரியவில்லை. தன் புடவையில் மீன் கவிச்சி அடிக்கிறதா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் அதனால்தான் நகர்ந்தாளா என்று தெரியாமல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வியாபாரத்துக்கும் மறுபடி போனாள். ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோவதையும் விடவில்லை. தலை கறுத்திருக்கிறதா, ஓடு விறைப்பாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துச் சமாளித்தாள்.

கொஞ்ச காலம் அது நடந்தது. பிறகு ஒரு நாள் தெருவில் யாரோ முந்தின நாள் மீந்ததை ஐஸில் போட்டு வைத்து, அன்று பிடித்ததோடு கலந்து கொடுத்துவிட்டார்கள். கழுவியிருந்ததால் பளபளவென்றுதான் இருந்தது. மூக்கு இருந்தால் தெரிந்திருக்கும். ஹேமாவதி அதை ஜெயம்மா வீட்டில் கொடுத்தாள்.

ஜெயம்மா ஆரம்பாக்கத்துக்கு உள்ளே நெல் வைக்கும் குடும்பம். ஹேமாவதியைவிட மூத்தவள், சத்தமாகப் பேசுகிறவள், ரொம்ப வருஷத்துப் பழக்கம். அடுத்த முறை ஹேமாவதி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது ஜெயம்மா நிறுத்தத்திலேயே காத்திருந்தாள்.

"நம்பித்தானேடி வாங்குனேன்? எங்க வூட்டுக்காரரு வாந்தி எடுத்து எடுத்து துவண்டு போயிட்டாரு. மோந்து பாத்துக் குடுக்கற மாதிரி நடிச்சிட்டு அழுவுன எறாவ என் தலைல கட்டிட்டியே!"

நிறுத்தத்தில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடிச்சிட்டு என்ற சொல் உண்மையாக இருந்ததுதான் ஹேமாவதியைச் சுட்டது. இறக்கிய கூடையை மறுபடி தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், அடுத்து வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம் ஆரம்பாக்கத்துக்கு அவள் போகவில்லை. முட்டி வலித்தாலும் பரவாயில்லை என்று மறுபடி சேற்றில் இறங்கினாள்.

தருமலிங்கத்துக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. வாய் மூடாத பெண்பிள்ளை வீட்டில் பேசாமல் இருப்பது அவனுக்குப் பெரிய பேஜாராக இருந்தது. துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் அவளை இழுத்துக்கொண்டு போனான். நர்சம்மா கேட்டுவிட்டு, மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை, நல்ல வாசனை உள்ள பொருள்களைத் தினமும் முகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். "லவங்கம், எலுமிச்சம்பழம், பூ, எது கிடைக்குதோ அது. மூக்கு மறந்துபோயிருக்குது. அதுக்கு மறுபடி ஞாபகப்படுத்தணும். சில பேருக்கு ரொம்ப நாள் ஆகும்."

லவங்கம் வாங்கினார்கள். எலுமிச்சை வாங்கினார்கள். ஹேமாவதி தினமும் அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டு டப்பாவை மூடி வைத்தாள். சீக்கிரமே அது பல் விளக்குவது போன்ற ஒரு வேலையாகிவிட்டது.

"எனக்கு ஒரு பூ வேணும்" என்றாள் ஒரு நாள். "அப்பப்ப வாங்கறது இல்ல. இங்கியே பூக்கணும். வெளிய வந்தா மூஞ்சில அடிக்கிற மாதிரி."

பூச்செடி வைத்துப் பார்க்காத வீடில்லை அது. மல்லி வைத்தார்கள், வேர் கறுத்துச் செத்தது. ரோஜா வைத்தார்கள், ஒரு மழைக்குத் தாங்கவில்லை. பின்பக்கத்து மண் எப்போதும் ஈரம். மழைக்காலத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். கோடையிலும் ஒரு சாண் தோண்டினால் நசநசக்கும். போதாததற்கு உப்பு. செடி நிற்காது, கிழங்கு வகை ஏதாவது நிற்கலாம் என்று பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் சொன்னாள். அவள் சொன்னது சேம்பை நினைத்து. ஹேமாவதிக்குச் சம்பங்கி ஞாபகம் வந்தது. கலைவாணி கல்யாணத்தில் மாலை வந்திறங்கியபோது கூடம் முழுக்க மணந்த பூ அது.

நெடுஞ்சாலையில் பச்சை வலை கட்டிய நர்சரி ஒன்று இருந்தது. ஆவணியில் ஒரு நாள் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். ஆரம்பாக்கத்துக்குள் இறங்காமல் சாலையிலேயே இறங்கிக்கொண்டாள் ஹேமாவதி. நர்சரிக்காரர் ராஜேந்திரன், பைப்பைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டே பேசுகிற மனிதர்.

"எந்த எடத்துல வைக்கப் போற? மண்ணு எப்டி?"

"ஏரியாண்ட சார். ஈர மண்ணு. மழையில தண்ணி நிக்கும்."

"அப்ப கல்வாழை எடுத்துக்கோ. செவப்பு கீது, மஞ்சள் கீது. தண்ணிலியே நின்னாலும் ஒண்ணும் ஆவாது. கெழங்கு தானா பரவிக்கினே போவும்."

"வாசனை வருமா?"

"கல்வாழைக்கு ஏதும்மா வாசனை? பாக்கறதுக்குத்தான்."

"பாக்கறதுக்கு வேணாம். சம்பங்கி குடு."

ராஜேந்திரன் பைப்பைக் கீழே போட்டார். "சம்பங்கிக்கு ஈரம் ஆவாது. தண்ணி வடிஞ்சிக்கினே இருக்கணும். நின்னுதுன்னா கெழங்கு அழுவிடும். அப்பறம் என்கிட்ட வந்து சண்ட போடாத."

"மேடு கட்டி வச்சிக்கறேன். மணல் கொட்டிக்கறேன்."

"உன் இஷ்டம்" என்று சாக்கை அவிழ்த்துக் காட்டினார்.

சம்பங்கிக் கிழங்கு சின்ன வெங்காயம் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. ஹேமாவதி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருந்ததை ஒரு பக்கம், அமுங்கினதை ஒரு பக்கம் வைத்தாள். வைத்ததைத் தருமலிங்கம் எடுத்து மூக்கில் வைத்து இழுத்தான். இழுத்துவிட்டு, ஒரு கணம் கண்ணை மூடி, பிறகு தலையாட்டினான்.

"இன்னாப்பா இது, மாம்பழமா வாங்கறீங்க?" என்றார் ராஜேந்திரன்.

"என் வூட்டுக்காரி கை பாக்கும் சார், என் மூக்கு பாக்கும். நாங்க ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளு" என்றான் தருமலிங்கம். ராஜேந்திரன் சிரித்தார். ஹேமாவதியும் சிரித்துவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அவனுக்கு அதிசயமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

பின்பக்கம் மேடு கட்டி, ஏரி மணலைத் தண்ணீரில் அலசிக் கொட்டி, கிழங்குகளை ஊன்றினாள். முளை வந்தது. மெல்லிசாகப் பச்சை இலைகள் எழுந்தன. ஐப்பசி மழையை மேடு தாங்கியது. கார்த்திகையில் புயல் ஒன்று கரையேறி, ஏரியும் மழையும் ஒன்றாக வந்தபோது மேடு கரைந்து எங்கே இருந்தது என்றே தெரியாமல் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு ஹேமாவதி கையைவிட்டுத் துழாவினாள். சேற்றில் இறால் தேடுவது போலத் தேடி, ஒரு கொத்தை எடுத்தாள். கையில் எடுத்ததும் கூழாகி விரலிடுக்கில் வழிந்தது.

பக்கத்தில் நின்ற தருமலிங்கம் முகத்தைச் சுளித்து இரண்டடி பின்னால் போனான். அவள் மட்டும் அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தாள்.

"இது கூடவா தெரில?" என்றான் அவன்.

"இல்ல."

அவள் ஏரியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அன்று முழுக்கப் படுத்துக் கிடந்தாள்.

மாசி மாதம் அவளே ஆரம்பித்தாள். "அந்த ஆளு சொன்னாரில்ல, தண்ணி நின்னா ஆவாதுன்னு. அப்ப தண்ணி நின்னா ஆவுற கெழங்குல வாசனை இருக்கறது ஒண்ணு கூடவா இருக்காது? நான் கேக்கவே இல்லியே." தருமலிங்கம் தானும் வருவதாகச் சொன்னான். ஆனால் அப்போது ஏரியில் நல்ல பாடு, இறால் நிறையக் கிடைத்தது. ஒரு நாள் விட்டாலும் நஷ்டம். அதனால் அவள் தனியாகக் கிளம்பினாள்.

ராஜேந்திரன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "சம்பங்கி இன்னா ஆச்சி?" என்று கேட்டு, பதிலை அவள் முகத்திலேயே பார்த்துக்கொண்டார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு நர்சரியின் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே தண்ணீர்த் தொட்டி கசிந்து எப்போதும் சேறாக இருக்கும் இடத்தில், பட்டையான பச்சை இலைகள் புதராக நின்றன.

"இது விஷமூங்கில். பேருதான் மூங்கில், இதுவும் கெழங்குதான். ஈரம் தாங்கும், வாசனை வரும். ஆனா ஆள் ஒசரத்துக்கு அடைச்சிக்கும். உன் எடம் சின்னது. அதுக்கு இந்தாண்ட பாரு, இது ஸ்பைடர் லில்லி. வெள்ளப் பூவு. சாயங்காலம் ஆனா வாசனை எடுக்கும். கடல் ஓரத்து சாதி, உப்புக்கும் பயப்படாது. கொஞ்ச நாளு தண்ணி நின்னாலும் தாங்கிக்கும். மேடு கீடு ஒண்ணும் வேணாம்."

"ஆடு மேயுமா? எங்க தெருவுல ஆடு ஜாஸ்தி."

"வாய் வைக்காது. கெழங்குலயும் எலைலயும் நஞ்சு கீது. நீயும் வெங்காயம்னு நெனச்சிக் குழம்புல போட்டுடாத" என்றவர், மூலையில் கிடந்த சாக்கைக் காட்டினார். "பிரிச்சி எடுத்துப் போட்டு வச்சிக்கீறேன். பொறுக்கிக்கோ. அடில கெடக்கறது சிலது நனைஞ்சி போயிருக்கும், அத்த வுட்டுடு." அதற்குள் லாரி ஒன்று வந்து நின்றது. அவர் போய்விட்டார்.

கிழங்குகள் பெரிய வெங்காயத்தைவிடப் பெரிதாக இருந்தன. பழுப்புத் தோல் பல அடுக்காகத் தடித்திருந்தது. ஹேமாவதி அழுத்திப் பார்த்தாள். சம்பங்கி போல இல்லை. தோலின் தடிப்பில் உள்ளே இருப்பது விரலுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்று போலவே இருந்தன. ஒன்றை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தனக்கே வெட்கமாகிக் கீழே வைத்தாள். மறுபடி ஒரு தடவை கூழை அள்ள அவளால் முடியாது.

அப்போதுதான் ஜெயம்மா உள்ளே வந்தாள். தென்னங்கன்று வாங்க வந்தவள். ஹேமாவதி சட்டென்று குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குப் பின்னால் நகர்ந்தாள். ஜெயம்மாவும் அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு தென்னங்கன்றுகளைப் பார்ப்பது போல நின்றாள். நர்சரியில் வேறு யாரும் இல்லை. லாரிக்காரரோடு ராஜேந்திரன் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

ஹேமாவதி இரண்டு கிழங்குகளை எடுத்துக்கொண்டு ஜெயம்மாவிடம் போனாள்.

"அக்கா."

"இன்னா?"

"இந்தக் கெழங்கக் கொஞ்சம் மோந்து பாத்து சொல்றியா? அழுவல் வாசனை வருதான்னு."

ஜெயம்மாவின் முகம் சிவந்தது. "இன்னாடி, கிண்டலா? அன்னிக்கி நான் கேட்டதுக்கு இன்னிக்கி என் மூஞ்சிலயே கெழங்க நீட்டுறியா?"

"கிண்டல் இல்லக்கா. எனக்கு மூக்கு போயிடுச்சி."

"போயிடுச்சின்னா?"

"காய்ச்சல் வந்துச்சில்ல, அதுலேர்ந்து ஒண்ணியும் தெரியறதில்ல. நல்லதும் தெரில, கெட்டதும் தெரில. அன்னிக்கி உனுக்குக் குடுத்தது கெட்டிருந்துது எனக்குத் தெரியாது. தெரியற மாதிரி மூக்குல வச்சிக்கினேன் பாரு, அதுதான் தப்பு. அத்த சொல்லணும்னு இருந்தேன். வாய் வரல."

ஜெயம்மா அவளையே பார்த்தாள். "அப்பவே சொல்றதுக்கு இன்னா கேடு?"

"சொன்னா யாருக்கா வாங்குவாங்க?"

ஜெயம்மா கையை நீட்டினாள். ஹேமாவதி கொடுத்த கிழங்கை மூக்கருகே வைத்துப் பார்த்து, "இது நல்லாத்தான் கீது" என்றாள். அடுத்ததை வாங்கினாள். "இது வேணாம், தூக்கிப் போடு." பிறகு கவிழ்த்து வைத்திருந்த ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்து, புடவையைச் சொருகிக்கொண்டு, "ஒண்ணொண்ணா எடுத்துக் குடு" என்றாள்.

ஹேமாவதி சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, இன்னொருத்தி முகர்ந்து ஒதுக்கினாள். ஜெயம்மா எதையும் லேசில் விடுகிறவள் இல்லை. ராஜேந்திரன் திரும்பி வந்தபோது வேண்டாம் என்று ஒதுக்கியது பெரிய குவியலாக இருந்தது.

"அது எல்லாம் நல்ல கெழங்குதாம்மா!" என்றார்.

"நீ மோந்து பாத்தியா?" என்றாள் ஜெயம்மா. அவர் போய்த் தென்னங்கன்றை எடுத்து வைத்தார்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது ஜெயம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க வூட்டுக்காரரு அன்னிக்கே சரியாயிட்டாரு. நான் கேட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அத்தினி பேரு முன்னாடி கேட்டிருக்க வேணாம்."

"வுடுக்கா."

"இன்னா வுடறது? நாளைக்குக் கூடைய எடுத்துக்கினு வா. நான் மோந்து பாத்தே வாங்கிக்கறேன். மத்த வூட்டுலயும் சொல்றேன்."

ஹேமாவதி மறுநாள் போகவில்லை. பயமாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் போனாள். முதல் வாசலில் கூடையை இறக்கியதும், "எனக்கு மூக்கு தெரியாதும்மா. நீங்களே மோந்து பாத்து எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது காது சூடானது. அந்த வீட்டுப் பெண் ஜெயம்மா சொன்னதாகச் சொல்லி, முகர்ந்து பார்த்து வாங்கிக்கொண்டாள். ஒன்றிரண்டு வீட்டில் வாங்கவில்லை. ஒரு வீட்டில் தங்கள் அண்ணனுக்கும் இப்படித்தான் என்று சொல்லி, உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தார்கள். காலையில் கரையில் வாங்கும்போது குப்பம்மாள் கூடவே நின்று முகர்ந்து சொன்னாள். அதற்குக் கூலியாக அவள் கேட்டது ஆரம்பாக்கத்துக் கடையிலிருந்து வெற்றிலை.

லில்லிக் கிழங்குகளை ஹேமாவதி பின்சுவரை ஒட்டி வரிசையாக வைத்தாள். ராஜேந்திரன் சொன்னபடி, கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய விட்டாள். மேடு கட்டவில்லை. ஆடுகள் வந்து மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் போயின. இலைகள் தடித்து, வளைந்து, பளபளவென்று வந்தன. ஆடி மாதம் முதல் தண்டு எழுந்தது. அதன் உச்சியில் மொட்டுகள். ஒரு சாயங்காலம் ஒரு மொட்டு விரிந்தது. நீளநீளமாக மெல்லிய வெள்ளை இதழ்கள், நடுவில் கிண்ணம் போல ஒரு சவ்வு.

தருமலிங்கம் குனிந்து முகர்ந்தான். நிமிரவே இல்லை.

"இன்னா மாதிரி கீது? சொல்லு."

"எப்டிமே சொல்றது? பால் ஐஸ் வண்டிக்காரன் டப்பா மூடியத் தொறப்பான் பாரு, அப்ப குப்புனு ஒண்ணு வருமே. அது மாதிரி. ஆனா அத்தவிட நல்லா கீது."

ஹேமாவதி பூவுக்குள் மூக்கை வைத்தாள். மகரந்தம் மூக்கில் ஒட்டியது. வேறு ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தாள். பால் ஐஸ் டப்பாவை நினைத்துக்கொண்டே இழுத்தாள். ஒரு பூ வாடினால் அடுத்தது விரிந்தது. தெருவில் போகிறவர்கள் இன்னா வாசனை இது என்று கேட்டுக்கொண்டு பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள். அதுவே அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. தனக்குத் தெரியாவிட்டாலும் தன் வீடு மணக்கிறது என்று தெரிந்தது.

அந்த மழைக்காலத்திலும் தண்ணீர் நின்றது. லில்லி அதில் நின்றது. வடிந்த பிறகு ஹேமாவதி விரலால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், கெட்டியாக இருந்தது.

மறு வருஷம், இரண்டாவது முறை பூத்தபோதுதான் அது நடந்தது. அன்று சாயங்காலம் ஹேமாவதி பின்பக்கம் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து உள்ளே ஓடினாள். அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. பானையைத் திறந்தாள். சுவிட்சு போர்டைத் தொட்டுப் பார்த்தாள். கால் கழுவிக்கொண்டிருந்த தருமலிங்கம் சொம்போடு வந்தான்.

"இன்னாமே?"

"எதுவோ கருவுது. ஓலை கருவுற மாதிரி. உனுக்குத் தெரில?"

"ஒண்ணும் கருவல."

இருவரும் வீட்டைச் சுற்றி வந்தார்கள். குப்பம்மாள் வீட்டுக் கூரையையும் பார்த்தார்கள். பின்பக்கம் வந்ததும் ஹேமாவதி நின்றாள். குனிந்தாள். பூவுக்குள் மூக்கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"யோவ், பூதான்யா கருவுது!"

தருமலிங்கம் பக்கத்துப் பூவை முகர்ந்தான். "பூவு நல்லாத்தான் கீது."

"உனுக்கு நல்லா இருக்கும். எனக்குக் கருவுது. மூக்க வச்சா வருது, எடுத்தா போவுது. யோவ், வருதுய்யா!" அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கீரை கையோடு துடைத்ததால் முகமெல்லாம் பச்சை. தருமலிங்கம் சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான்.

நர்சம்மாவிடம் போய்ச் சொன்னபோது, சில பேருக்கு முதலில் இப்படித் தப்பும் தவறுமாகத்தான் திரும்பும், விடாமல் முகர வேண்டும் என்றார். ஹேமாவதி விடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மண்ணெண்ணெய் வந்தது. தன் வியர்வை வந்தது. அன்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். காப்பி வந்தபோது நாறியது. அதை இன்றும் அவள் குடிப்பதில்லை. ஒரு காலையில் கரையில் வியாபாரம் நடந்துகொண்டிருக்கும்போது, குப்பம்மாள் சரி என்று தள்ளிய கூடையைப் பிடித்து நிறுத்தி, "இதுல எதுவோ ஒண்ணு கெட்டிருக்குது" என்றாள். குப்பம்மாள் நம்பவில்லை. கீழே கொட்டிப் பார்த்தார்கள். அடியில் இரண்டு இறால் தலை நைந்து கிடந்தன. குப்பம்மாள் எழுந்து, "அப்ப எனக்கு இனிமே வெத்தல கெடையாதா?" என்றாள். ஹேமாவதி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வெற்றிலை இன்றும் வருகிறது.

இந்த வருஷம் மாசியில் லில்லிப் புதர்கள் அடைத்துக்கொண்டு சுவரை முட்டின. பிரித்து நட வேண்டும் என்று தருமலிங்கமும் அவளும் கடப்பாரையோடு உட்கார்ந்தார்கள். ஜெயம்மா தனக்கும் வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள்; அவள் வயலோரத்து வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் கசியும். சாக்கோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஹேமாவதி வீட்டுக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஈரத்தில் செருப்பு புதைய, "இதுலியா வளந்துது?" என்றாள்.

பிரித்த கிழங்குகளைக் கழுவி அடுக்கினார்கள். ஜெயம்மா பழக்கதோஷத்தில் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். ஹேமாவதி அதை அவள் கையிலிருந்து வாங்கித் தானும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சாக்கில் போட்டாள். மத்தியானம் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜெயம்மா யோசித்தாள், பிறகு காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சாப்பிடும்போது கேட்டாள். "இப்ப எப்டிடி கீது? எல்லாம் தெரியுதா?"

"பூவு இன்னும் கருவுதுக்கா" என்றாள் ஹேமாவதி, குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே. "நண்டு மணக்குது."